பொடியைத் தேர்ந்த வரலாறு: சுழல் வார்ப்பும் பாலிஎத்திலீனும்

இந்திய நகரங்களின் மொட்டைமாடிகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் மக்கள் அதைப் பெரும்பாலும் ‘சின்டெக்ஸ்’ என்றே அழைக்கின்றனர். குஜராத்தின் கலோலில் 1931இல் தோன்றிய பாரத் விஜய் மில்ஸ் என்னும் துணியாலை, 1975இல் பிளாஸ்டிக் தொழிலில் இறங்கியபோது சூட்டிய வணிகப் பெயர் அது. ‘சின்டரிங்’ என்ற சொல்லின் முற்பகுதியும் ‘டெக்ஸ்டைல்’ என்ற சொல்லின் முற்பகுதியும் இணைந்து பிறந்தது. சின்டரிங் என்பது பொடியைச் சூடாக்கித் துகளோடு துகளை ஒட்டவைத்தல். பெயர் பொதுப்பெயராகிவிட்ட பின்னும் அதன் முதற்பகுதி ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் காத்து வைத்திருக்கிறது: இத்தொட்டி பொடியிலிருந்து உருவானது. அந்தப் பொடி ஏன் பெரும்பாலும் பாலிஎத்திலீனாகவே இருக்கிறது என்பதற்குத் தனி வரலாறு உண்டு.

சுழல் வார்ப்பு பிளாஸ்டிக்கைவிட மூத்த முறை. உள்ளீடற்ற சாக்லேட் முட்டைகளைச் செய்ய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது பயன்பட்டது. அச்சுக்குள் பொருளை இட்டு மூடி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் மெல்லச் சுழற்றுவார்கள். பொருள் உட்சுவரெங்கும் படிந்து இறுகும். 1940களில் பிளாஸ்டிக் இம்முறைக்குள் நுழைந்தபோது முதலில் வந்தது பி.வி.சி. பிளாஸ்டிசால் என்னும் நீர்மக் குழம்பு. பொம்மைத் தலைகளும் பந்துகளும் அதிலிருந்து பிறந்தன. ஆனால் அந்த மென்மையான பொருளால் பெரிய, விறைப்பான கலன்களைச் செய்ய இயலவில்லை.

1933இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் உள்ள ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன், 1950களின் பிற்பகுதியில் நுண்பொடியாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே இத்தொழிலின் போக்கு மாறியது. அது பிற பிளாஸ்டிக்குகளைவிட வலிமை மிக்கதன்று. இம்முறையின் கடுமைகளைத் தாங்கக் கூடியது என்பதே அதன் சிறப்பு. சுழல் வார்ப்பில் உருகிய பொருளை அச்சின் மூலைகளுக்குத் தள்ள எந்த அழுத்தமும் இல்லை. புவியீர்ப்பு மட்டுமே துணை. அச்சைச் சூழ்ந்த உலைக்காற்று ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்படுகிறது. பிளாஸ்டிக் பல நிமிடங்கள் காற்றோடு கலந்தே வேகவேண்டும். விறைப்பான பி.வி.சி. அவ்வெப்பத்தில் சிதைவுறும். நைலானையும் பாலிகார்பனேட்டையும் முன்கூட்டியே நன்கு உலர்த்தவேண்டும். சாதாரண பாலிபுரொப்பிலீன் குளிரில் நொறுங்கும். பொடியாக அரைப்பதும் கடினம். இத்தனை தடைகளையும் குறைந்த செலவில் கடந்தது பாலிஎத்திலீன் ஒன்றே.

எனினும் அதற்குள்ளும் தேர்வு எளிதன்று. மூலக்கூற்றுத் தொடர் குட்டையாக இருந்தால் உருகிய பொருள் எளிதில் பாய்ந்து மூலைகளை நிரப்பும். ஆனால் நீண்டகாலத் தகைவில் விரிசல் காணும். தொடர் நீண்டால் உறுதி கூடும், பாய்வு குன்றும். அடர்த்தி கூடினால் விறைப்பு கூடும்; விரிசலும் கோணலும் உடன்வரும். 1960களில் கனடாவில் டூபான்ட் உருவாக்கி, 1970களின் இறுதியில் யூனியன் கார்பைடின் புதிய முறையால் மலிவான நேர்கோட்டுத் தாழடர் பாலிஎத்திலீன் இவ்விரு முனைகளுக்கும் இடையே ஓர் உடன்பாட்டைத் தந்தது. இன்றைய தொட்டிகளின் அடிப்படைப் பொருள் பெரும்பாலும் அதுவே.

வேகவைக்கும் அளவும் தேர்வின் பகுதியே. வேக்காடு குறைந்தால் துகள்களிடையே சிக்கிய காற்று குமிழிகளாகத் தங்கும். மிகுந்தால் உட்பரப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து நொறுங்கும். அச்சுக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலையை அளந்து வேக்காட்டைக் கணிக்கும் வழியை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் க்ராஃபோர்டின் குழு வளர்த்தெடுத்தது. அதற்கு முன் இது பெருமளவும் தொழிலாளியின் கைப்பழக்கத்தை நம்பியிருந்தது.

இந்தியாவில் இதனோடு வெயிலும் சேர்ந்தது. புறஊதாக் கதிர் பாலிஎத்திலீனின் தொடர்களை அறுக்கிறது. தொட்டியின் கறுப்பு அழகுக்காக வந்ததன்று. கதிரை விழுங்கும் கார்பன் பிளாக்கின் நிறம் அது. ஒளியைத் தடுப்பதால் பாசியும் வளர்வதில்லை. சுழல் வார்ப்புத் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 12701 (1996 திருத்தம்), கறுப்புத் தொட்டியில் கார்பன் பிளாக் ஏறத்தாழ 2.5 விழுக்காடு இருக்கவேண்டும் என்கிறது.

ஆனால் அந்தக் கறுப்பு எவ்வாறு சேர்ந்தது என்பதை வாங்குபவரால் காண இயலாது. சுழல் வார்ப்பின் உலை பொருளைப் பிசைவதில்லை. உருக்கிக் கலந்து அரைத்த பொடியில் கார்பன் சீராகப் பரவியிருக்கும். செலவைக் குறைக்க வெறும் பொடியோடு கறுப்பைத் தூவிக் கலந்தால் அது துகள்களின் எல்லைகளிலேயே தங்கி ஒட்டுதலைக் கெடுக்கும். இரண்டு தொட்டிகளும் கடையில் ஒரே கறுப்பாகவே தோன்றும். வேறுபாடு ஆண்டுகள் கழித்து விரிசலாக வெளிப்படும்போது, பொடியைத் தேர்ந்தவர் அங்கு இருக்கமாட்டார்; குடிநீரைத் தேக்கிவைத்த குடும்பமே இருக்கும். பொருள்தேர்வின் வரலாற்றை வேதியியலோடு முடித்துவிட இயலாமைக்குக் காரணம் இதுவே. தேர்வு ஆலையில் நிகழ்கிறது. அதன் விளைவு மொட்டைமாடியில் தங்குகிறது. இடையில் நிற்கும் காப்பு, தரநிலையும் அதை நேர்மையாகச் சோதிக்கும் ஆய்வகமும் மட்டுமே.