மகள் எழுதாத மாவுக் கணக்கு

லாரா இங்கால்ஸ் வைல்டரின் சிறுவர் நாவல்களில் வரும் அப்பா பிடில் வாசிப்பார், வேட்டையாடுவார், எந்தக் கஷ்டத்திலும் யாரிடமும் கையேந்த மாட்டார். அந்த அப்பா நிஜ மனிதர்தான்: 1836-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த சார்லஸ் இங்கால்ஸ். நிலம் தேடி விஸ்கான்சின், கான்சஸ், மின்னசோட்டா, அயோவா, டகோட்டா என்று குடும்பத்தோடு அலைந்தவர். அவர் வாழ்க்கையைத் தேட நாவல்களை மூடி வைத்துவிட்டு, கவுண்டி அலுவலகக் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டும்.

1870 கான்சஸ் மக்கள்தொகைக் கணக்கில் அவர் பெயரே பிழையாக 'இங்கிள்ஸ்' என்று பதிவாகியிருக்கிறது. மடியில் பிறந்து சில நாட்களே ஆன மகள் கேரி. நிலத்தின் மதிப்பை எழுதவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. காரணம், அவர் வீடு கட்டி உழுத மண் ஓசேஜ் பழங்குடியினருடையது. குடியேறியவர்களுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. 'காலி நிலத்தில் கால் வைத்த முன்னோடி' என்ற பெருமைக்கதையை இந்தப் பதிவு ஒன்றே உடைத்துவிடுகிறது.

என்னை உலுக்கியது மின்னசோட்டாக் காகிதம். 1874-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து இறங்கியது. பயிரைத் தின்றதோடு போகவில்லை. மண்ணில் முட்டையிட்டுப் போனதால் 1875 கோதுமையும் போயிற்று. சார்லஸ் கிழக்கே நடந்து போய் அடுத்தவர் வயலில் அறுவடைக் கூலி செய்தார். அப்படியும் போதவில்லை. 1875 நவம்பரில், பிழைக்கத் தன்னிடம் எந்த வழியும் இல்லை என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட்டார். நிவாரணமாகக் கிடைத்தது இரண்டு அரைப் பீப்பாய் மாவு. மதிப்பு 5 டாலர் 25 சென்ட்.

அதே நவம்பர் 1-ம் தேதிதான் அவருடைய ஒரே மகன் பிரெடி பிறந்திருந்தான். மறு ஆகஸ்டில், அயோவாவுக்குப் போகும் வழியில் அண்ணன் பீட்டர் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, ஒன்பது மாதக் குழந்தையாகவே இறந்துபோனான். லாராவின் நாவல்களில் நிவாரண மாவும் இல்லை, தம்பியும் இல்லை, அயோவாவும் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அப்பாவின் தன்மானத்தை மகள் காப்பாற்றியிருக்கிறாள். ஆனாலும் குடும்பம் வாய் மூடிக்கொள்ளும் இடத்தில்தான் வரலாறு கிடைக்கிறது.

டகோட்டாவில் கதை வேறு. ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் என்ற 1862-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 1880-ல் மனு போட்டார். 1886-ல் சாட்சிகளை வைத்து நிரூபித்தார். அடுத்துவந்த 1890 கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் கடுமையாகச் சேதமடைந்தது; எஞ்சியவையும் பின்னர் அழிக்கப்பட்டன. அமெரிக்காவில் மூதாதையரைத் தேடும் எல்லோரும் முட்டி நிற்கும் இடம் இது. சார்லஸ் 1902-ல் டி ஸ்மெட் ஊரில் இறந்தார்.

அவர் மனைவி கரோலினின் க்வைனர் குடும்பத்துக்கும் இங்கால்ஸ் குடும்பத்துக்கும் இடையே மூன்று கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. அடுத்த வாரம் அந்த வீட்டுக்குள் போவோம்.

(தொடரும்)