குன்னம் வழியாக ஒரு படிப்பு

பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூர் போகிறவர்களுக்குக் குன்னம் வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரே ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. பையன் பெயர் சாமிநாதன். பிற்காலத்து உ.வே.சா.

1855ல் பிறந்தவர். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். எந்த ஊரில் ஆதரவு உண்டோ அந்த ஊரில் குடித்தனம். அரியலூரில் இருந்தபோது சடகோபையங்கார் பையனுக்குத் தமிழில் ருசி காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார். பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார், யாப்பருங்கலக் காரிகை. மேலே படிக்க மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போக வேண்டும் என்று வழி சொன்னவரும் ரெட்டியார்தான். 1871ல் சாமிநாதன் மாயூரம் போய் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார்.

அரிச்சுவடி தாண்டிய படிப்புக்கு இத்தனை ஊர்! வாத்தியார் எங்கேயோ அங்கேதான் பள்ளிக்கூடம். அவர் படுத்துவிட்டால் அதுவும் படுத்துவிடும்.

திண்ணைப் பள்ளி இல்லாமல் இல்லை. 1822ல் கவர்னர் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் சென்னை ராஜதானி முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அடுத்த வருஷம் பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் எழுதிய அறிக்கையில் ஒரு காட்சி: காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர். இரண்டாவதாக வருபவனுக்குப் பூஜ்யம். பாராட்டும் இல்லை, அடியும் இல்லை. மூன்றாமவனுக்கு ஒரு பிரம்படி, நான்காமவனுக்கு இரண்டு. கடைசிப் பையனின் கையை நினைத்தால் எனக்கே வலிக்கிறது.

திண்ணைப் பள்ளி வழக்கப்படி சட்டாம்பிள்ளையை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையைச் சென்னையில் பழகிய ஆண்ட்ரூ பெல், 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அங்கே அதற்கு நல்ல பெயர்.

ஆனாலும் திண்ணையை நினைத்து நாம் ரொம்ப உருக வேண்டாம். அதில் ஏற முடியாத சாதிகள் இருந்தன. பெண் பிள்ளைகளோ மன்றோவின் கணக்கிலேயே சொற்பம். ஊருக்குப் பொதுவான பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கு உருவம் வந்தது ஸ்தல ஸ்தாபனங்கள் வந்த பிறகுதான். 1884ல் உள்ளாட்சி போர்டுச் சட்டம் நிறைவேறியது. வரிப்பணத்தில் கட்டிடம், சம்பளத்துக்கு வாத்தியார். அவர் மாற்றலாகிப் போனாலும் மணி அடிக்கும். 1911ல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. படித்தவன் என்று காட்ட, கையில் ஒரு புத்தகம்.

பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லா. போர்டு போய், ஜில்லாவும் பலவாகப் பிரிந்துவிட்டது. பெரியவர்கள் வாயில் மட்டும் இன்னும் ‘போர்டு ஐஸ்கூல்’. அந்த ஐஸ்கூலின் படியில் அடுத்த வாரம் ஏறுவோம்.

(தொடரும்)