அழையா ஜன்னல்

"டேய், நான் எதையுமே தொடலடா. அது பாட்டுக்குத் திறக்குது" என்றாள் அக்கா. பொய்யில்லை. அவள் இரண்டு கையும் வெங்காயத்தில் இருந்தது. மேசைமேல் கிடந்த லேப்டாப்பில் புது டேப் ஒன்று முளைத்து, ரம்மி ஆட வா என்று கூப்பிட்டது. மூடினேன். காபி ஆறுவதற்குள் இன்னொன்று வந்து நின்றது.

இந்த அழையா விருந்தாளிக்குப் பிறந்த ஊர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ்டவுன் என்கிற சிற்றூர்; காலம் 1990களின் நடுப்பகுதி. அங்கே டிரைபாட் என்ற நிறுவனம், யார் வேண்டுமானாலும் வலைப்பக்கம் போட்டுக்கொள்ள இலவசமாக இடம் கொடுத்து, அந்தப் பக்கங்களில் விளம்பரம் ஓட்டிக் காசு பார்த்தது. மக்கள் எதை எழுதுவார்கள் என்று யார் கண்டது? ஒரு பெரிய கார் கம்பெனியின் விளம்பரம், பாலுறவு பற்றிய ஒரு பக்கத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பெனிக்காரர்கள் பதறிப்போனார்கள். விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறந்துவிட்டால், அந்தப் பக்கத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொள்ளலாமே என்று டிரைபாட்டில் யோசித்தார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பிடிக்காமல் தனி இலை கேட்ட கதைதான்.

அதற்கான நிரலை எழுதியவர் ஈதன் சக்கர்மன். 1995ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கையில் இருந்ததால், புது ஜன்னல் திறக்க ஒரு வரி போதுமானதாக இருந்தது. 2014ல் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில் சக்கர்மன் இதற்காக மன்னிப்புக் கேட்டார். எனக்கென்னவோ அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் எழுதாவிட்டால் அடுத்த மாதம் வேறொருவர் எழுதியிருப்பார்.

பிள்ளை வளர்ந்து ஊரைக் கெடுத்தது. 2001 வாக்கில், எக்ஸ்10 என்ற நிறுவனத்தின் சின்ன வயர்லெஸ் கேமரா விளம்பரம் பிரவுசருக்குப் பின்னால் சத்தமில்லாமல் திறந்து ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் மூடிய பிறகுதான் கண்ணில் படும். எந்தப் பக்கம் அதைக் கொண்டுவந்து விட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது. 2004ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கும் ஃபயர்பாக்ஸ் 1.0வும் தடுப்பானோடு வந்தன. விதி எளிமையானது: பயனர் கிளிக் செய்தால் ஜன்னல் திறக்கலாம், பக்கம் தன்னிஷ்டத்துக்குத் திறக்கக் கூடாது.

உடனே விளம்பரக்காரர்கள் கிளிக்கையே திருட ஆரம்பித்தார்கள். திருட்டுப் படம் பார்க்கும் தளங்களில் பிளே பொத்தானை முதல் முறை அழுத்தினால் வேறெதுவோ திறக்கும், இரண்டாம் முறைதான் படம் ஓடும். பொத்தானுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடுக்கை விரித்திருப்பார்கள். கிளிக் நம்முடையது, ஆகவே தடுப்பான் வாயை மூடிக்கொள்ளும். 2015ல் குரோமில் வலைத்தளங்கள் புஷ் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதி வந்ததும், 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அனுமதி கொடுங்கள்' என்று கேட்டு வாங்கினார்கள். அதன் பிறகு திரையின் மூலையில் வைரஸ் வந்துவிட்டது என்று மிரட்டல்கள் வரிசையாக வரும், தொட்டால் டேப்.

பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களின் கதை இன்னும் மோசம். நன்றாக வேலை செய்யும் ஒன்றை யாராவது விலைக்கு வாங்கி, அடுத்த அப்டேட்டில் வேண்டாததைச் சேர்த்துவிடுவார்கள். சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020ல் கைமாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறதென்று கூகுள் அதை முடக்கியது. டேப்களைக் காவல் காத்தவனுக்கே அந்தக் கதி.

அக்கா லேப்டாப்பில் முதலில் இன்காக்னிட்டோ ஜன்னலில் கொஞ்ச நேரம் பார்த்தேன். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் நாமாக அனுமதித்தால் ஒழிய ஓடாது. எதுவும் வரவில்லை. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் பிடிஎஃப் மாற்றி ஒன்று, 'எல்லா வலைத்தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. நீக்கினேன். நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலில் வாய்க்குள் நுழையாத பெயரில் ஏழு தளங்கள். அவற்றையும் துடைத்துவிட்டு ஜம்பமாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போன். "மறுபடியும் வந்துடுச்சுடா. இப்ப குரோமை மூடித்தான் வெச்சிருந்தேன், அதுவே எழுந்து திறக்குது."

மூடிய பிரவுசர் தானாக எழுகிறதென்றால் எழுப்புகிறவன் வெளியே இருக்கிறான். மறுபடி அக்கா வீட்டுக்குப் போய், டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானின் பிராப்பர்டீஸைத் திறந்து டார்கெட் வரியைப் பார்த்தேன். சில சமயம் அந்த வரியின் வாலில் ஒரு முகவரியை ஒட்டிவைத்திருப்பார்கள். அது சுத்தம். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஆள் அகப்பட்டான். அப்டேட்டர் என்று நல்ல பிள்ளைப் பெயர், அரை மணிக்கு ஒரு தடவை வேலை. ஆக்‌ஷன்ஸ் பகுதியைத் திறந்தால் குரோமின் பாதை, அதை அடுத்து அதே ரம்மிப் பக்கத்தின் முகவரி. அழித்தேன். விண்டோஸ் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் போட்டுவிட்டு, நிறுவிய மென்பொருள்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். அந்த டாஸ்க் உருவான அதே நாளில் மூன்று வந்திருந்தன. பிடிஎஃப் மாற்றி அதில் ஒன்று.

"அக்கா, போன மாசம் பன்னிரண்டாம் தேதி இதுல என்ன பண்ணீங்க?"

அவள் காலண்டரைப் பார்த்தாள். "அன்னைக்குத்தான் பையன் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டான். சர்டிஃபிகேட் சைஸ் பெருசா இருக்குன்னு அப்லோட் ஆகல. ராத்திரி பன்னிரண்டு மணியோட கடைசி. ஏதோ ஒண்ணை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே இருந்தான்" என்றாள்.

"அப்ளிகேஷன் போச்சா?"

"பதினொண்ணு அம்பதுக்குப் போச்சு."