ஊசியிலிருந்து தப்பிய 47 நாய்கள்

வெளிநாட்டு நாய் காப்பகங்களின் தத்து அறிவிப்புகளைப் படித்தால் ஒரு நிபந்தனை அடிக்கடி கண்ணில் படும். இந்த நாய்க்கு ஏற்கனவே நாய் வளர்த்த அனுபவம் உள்ள உரிமையாளர்தான் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஓஹோ, இது கடிக்கிற நாய் போல... நமக்கெதுக்கு வம்பு" என்று அடுத்த நாயின் போட்டோவைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்த நிபந்தனை ஒரு கூட்டம் நாய்களின் உயிரையே காப்பாற்றியிருக்கிறது. அது நடந்தது அமெரிக்காவில், 2007-ம் ஆண்டில்.

அதற்கு முன்பு என்ன வழக்கம்?

நாய்ச் சண்டை அமெரிக்காவில் சட்டவிரோதம். ஆனாலும் பணம் கட்டி, ரகசியமாக நடத்துபவர்கள் உண்டு. சண்டைக்குப் பெரும்பாலும் பிட்புல் வகை நாய்கள்தான். போலீஸ் ரெய்டு நடத்தி நாய்களைப் பிடிக்கும். சட்டத்தின் பார்வையில் நாய் என்பது சொத்து, அதாவது கைப்பற்றப்பட்ட பொருள். வழக்குக்குத் தேவைப்படும் வரை கூண்டில் வைத்திருப்பார்கள், பிறகு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். குட்டியா, கிழமா, சாதுவா, முரடா என்று யாரும் பார்த்ததில்லை. சண்டை நாய் என்றால் சண்டை நாய். அவ்வளவுதான்!

2005-ல் லூசியானா மாநிலத்தில் இப்படித்தான் ஒருவரிடமிருந்து 57 நாய்களைப் பிடித்து உடனடியாகக் கொன்றுவிட்டார்கள். 2008-ல் வழக்கு முடிந்தபோது அவர் குற்றவாளி இல்லை என்று விடுதலை ஆனார். நாய்களோ செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

மைக்கேல் விக் வழக்கு

மைக்கேல் விக் அமெரிக்கக் கால்பந்தில் பெரிய நட்சத்திரம். 2004-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியோடு அவர் போட்ட பத்து வருட ஒப்பந்தத்தின் மதிப்பு 13 கோடி டாலர். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தில் அவருக்குச் சொந்தமான ஒரு வீட்டில், வேறொரு போதைப்பொருள் விசாரணைக்காகப் போலீஸ் சோதனை போட்டது. வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் போனால் கறுப்பு வண்ணம் அடித்த கொட்டகைகள், 50-க்கும் மேற்பட்ட பிட்புல் நாய்கள்! பல நாய்களை மண்ணில் புதைத்த கார் அச்சில் கனமான சங்கிலியால் கட்டியிருந்தார்கள். பக்கத்து நாயைப் பார்க்கலாம், ஆனால் எட்டித் தொட முடியாது.

சரியாகச் சண்டை போடாத நாய்களைத் தூக்கில் தொங்கவிட்டும், தண்ணீரில் அமுக்கியும் கொன்றது விசாரணையில் வெளிவந்தது. ஆகஸ்ட் மாதம் விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் 23 மாதச் சிறைத் தண்டனை.

மனிதர்களுக்குத் தீர்ப்பு ஆயிற்று. நாய்களுக்கு?

ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாய்களைக் கொன்றுவிடலாம் என்று சொன்னதே பெரிய விலங்கு நல அமைப்புகள்தான். அமெரிக்காவின் ஹியூமேன் சொசைட்டி அப்படித்தான் சொன்னது. ஜல்லிக்கட்டு விவகாரத்தில் நம் ஊரில் எல்லோருக்கும் அறிமுகமான பீட்டாவும் அதையேதான் சொன்னது. இவற்றைத் திருத்த முடியாது, இவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தில் எத்தனையோ சாதாரண நாய்களைக் காப்பாற்றலாம் என்பது அவர்கள் வாதம். கணக்குப் பார்த்தால் நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த நாய்கள் எப்படிப்பட்டவை என்று அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை!

ஒவ்வொன்றாக ஒரு பரீட்சை

2007 செப்டம்பரில் அரசு தரப்பு ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமைப்பின் உதவியைக் கேட்டது. நிபுணர் குழு ஒன்று 49 நாய்களைத் தனித்தனியாகச் சோதித்தது. புது மனிதர் வந்தால் என்ன செய்கிறது, சாப்பிடும்போது தொந்தரவு செய்தால் என்ன செய்கிறது, குழந்தை உருவப் பொம்மையைப் பார்த்தால், இன்னொரு நாயைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்தார்கள்.

குழுவினர் எதிர்பார்த்தது ஆக்ரோஷம். பார்த்தது பயம். பல நாய்கள் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொண்டன. கூப்பிட்டால் வராது, இழுத்தாலும் எழுந்திருக்காது. அங்கே அவற்றுக்கு 'பான்கேக் நாய்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. நம் பாஷையில் சொன்னால் தோசை நாய்கள்! மனிதர்களைக் கண்டால் கட்டுக்கடங்காமல் பாய்ந்த ஒரே ஒரு நாயை மட்டும் கொல்ல வேண்டியதாயிற்று. இன்னொன்று நோயின் காரணமாகக் கருணைக்கொலை. மிச்சம் 47.

அடுத்து, வால்பரைசோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை ரெபெக்கா ஹஸ் என்பவரை இந்த நாய்களின் காப்பாளராக நீதிமன்றம் நியமித்தது. நாய்களைத் தரம் பிரித்து, எது எங்கே போக வேண்டும் என்று பரிந்துரைப்பது அவர் வேலை. சில நாய்கள் வளர்ப்பு வீட்டுக்குப் போகலாம். ஆனால் பிட்புல் வளர்த்த அனுபவமுள்ள பெரியவர்கள் இருக்கும் வீடாக, சின்னக் குழந்தைகள் இல்லாத வீடாக இருக்க வேண்டும். சில நாய்கள் முதலில் சரணாலயத்தில் இருந்து தேறிய பிறகு வீட்டுக்குப் போகலாம். சில கடைசி வரை சரணாலயத்திலேயே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன நிபந்தனை இங்கே எப்படி வேலை செய்கிறது பாருங்கள். 'இந்த நாய் மோசம்' என்பதற்கு அது முத்திரை இல்லை. 'இந்த மாதிரி வீடு கிடைத்தால் இது பிழைக்கும்' என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு மாதிரி.

பணம் யார் கொடுத்தது?

இந்த வழக்கின் முக்கியமான விஷயமே இதுதான். நாய்களின் பராமரிப்புக்காக விக்கே சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சரணாலயத்துக்குப் போன ஒவ்வொரு நாய்க்கும் சுமார் 18,000 டாலர், வளர்ப்பு வீட்டுக்குப் போனவற்றுக்குத் தலா 5,000 டாலர் ஒதுக்கப்பட்டது. நாயைக் கெடுத்தவரே அதைத் தேற்றும் செலவையும் ஏற்க வேண்டியதாயிற்று. இந்தப் பணத்தில் வேறு நாய்களைக் காப்பாற்றலாமே என்ற வாதம் இதோடு அடிபட்டுப் போனது.

பிறகு என்ன ஆயின?

மிகவும் சிக்கலான 22 நாய்கள் 2008 ஜனவரியில் யூட்டா மாநிலத்தில் உள்ள பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின. கலிஃபோர்னியாவின் 'பேட் ராப்' என்ற சிறு அமைப்பு 10 நாய்களை எடுத்துக்கொண்டது. மற்றவை வேறு அமைப்புகளுக்கு.

யூட்டாவில் இருந்த நாய்களுக்குத் தத்து அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. நாய் முதலில் நன்னடத்தைத் தேர்வில் பாஸ் பண்ண வேண்டும். எடுக்க வருபவரின் பின்னணியை விசாரிப்பார்கள். ஆறு மாதம் தற்காலிகமாக வளர்த்துக் காட்டிய பிறகுதான் நாய் அவருக்குச் சொந்தம். இத்தனைக்கும் பிறகு 22-ல் பத்துக்கும் மேற்பட்டவை வீடு போய்ச் சேர்ந்தன.

கலிஃபோர்னியாவில் லியோ என்ற நாய் புற்றுநோயாளிகளுக்கு ஆறுதல் தரும் சிகிச்சை நாயாக வேலை பார்த்தது. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகள் கதை வாசித்துப் பழகினார்கள். மார்பெல்லாம் சண்டைத் தழும்போடு இருந்த ஹெக்டரும் சிகிச்சை நாயானது.

எல்லாமே சுபம் என்று சொல்ல முடியாது. மெரில் என்ற நாய் புது ஆட்களை நம்பவே இல்லை. அதைச் சரணாலயத்தை விட்டு வெளியே விடக்கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. லூகாஸ் கதை இன்னும் வருத்தமானது. மனிதர்களிடம் அவ்வளவு பிரியமான நாய். ஆனால் சண்டையில் சாம்பியனாக இருந்ததால் அதற்கும் வெளியே போக அனுமதி இல்லை. 2013-ல் சரணாலயத்திலேயே இறந்தது. மற்றும் பல நாய்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பயம் முழுசாகப் போகவில்லை. அனுபவமுள்ளவர்கள் தேவைப்பட்டது இதற்காகத்தான். நாய் மூலையில் பதுங்கினால் இழுக்காமல், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

வழக்கம் மாறியது

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவில் 127 நாய்கள் பிடிபட்ட வழக்கில், அவற்றையும் அவற்றின் குட்டிகளையும் சேர்த்துக் கொன்றார்கள். பொறுப்பேற்றுக்கொள்ள ஆட்கள் தயாராக இருந்தும் ஒரு நாயைக்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. ஹியூமேன் சொசைட்டி அதை ஆதரித்தது. ஆனால் இந்த முறை கடும் எதிர்ப்பு கிளம்பியது. விக்கின் நாய்களே பிழைத்துவிட்டனவே, குட்டிகளைக்கூட ஏன் கொன்றீர்கள் என்று கேட்டார்கள். அந்த ஆண்டே ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. சண்டைக் கும்பல்களிடமிருந்து மீட்ட நாய்களையும் தனித்தனியாகச் சோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று ஏற்றது. அதே 2009 ஜூலையில் மிசௌரி மாநிலத்தில் நடந்த மாபெரும் ரெய்டில் சுமார் 400 நாய்கள் மீட்கப்பட்டன. அவை தனித்தனியாகச் சோதிக்கப்பட்டு, பாதிக்கும் மேற்பட்டவை பிழைத்தன.

விக்கின் நாய்களில் கடைசியாக உயிரோடு இருந்தது ஃப்ரோடோ. பிடிபட்டபோது அது ஒரு வயதுகூட நிரம்பியிருக்காத இளம் நாய். பழைய வழக்கப்படி நடந்திருந்தால் 2007-லேயே அதன் கணக்கு முடிந்திருக்கும். ஒரு குடும்பம் அதை எடுத்து, அதன் பயத்தோடு சேர்த்தே வளர்த்தது. 2021 டிசம்பரில், 15 வயதில், தன் வீட்டு மனிதர்களுக்கு நடுவில் ஃப்ரோடோ இறந்தது.