மா ஹுவாங் மூலிகையின் பிரயாணம்

பால் வடியும் காட்டு மரமொன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஜெலுத்தோங் என்னும் ஊரில், சீனர் மருந்துக்கடை வாசலில் நின்று, சுவரளவு உயர்ந்த மர இழுப்பறைகளையும், வேரும் பட்டையும் கைத்தராசில் நிறுத்துத் தாளில் மடித்துக் கொடுக்கும் லாகவத்தையும் பார்க்கும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சைக்காக மேசைமேல் கிடத்தப்பட்ட வயோதிகர்களின் நினைவே எனக்கு வருகிறது. அந்தக் கடைகளின் வைத்திய பரம்பரை நெடுங்காலமாக அறிந்த மா ஹுவாங் என்னும் மூலிகைதான் இவ்விரண்டையும் இணைக்கிறது.

மயக்கமருந்து உடலில் ஏறும் முதற் சில நிமிஷங்களில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய, வாலிப தேகத்தில் இதயம் உடனே விரைந்து துடித்து அக்குறையை ஈடுகட்டிவிடும். எழுபதைக் கடந்த தேகத்திலோ, குழாய்கள் இறுகி, அந்த அனிச்சைச் செயலும் மந்தித்திருப்பதால், ரத்த அழுத்தம் சரேலென இறங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் சேர வேண்டிய ரத்தம் குறைந்துபோகிறது.

மயக்கத்தில் கிடப்பவரின் நாடியைக் கவனிப்பதன் முக்கியத்துவத்தை வைத்திய உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. நிஜாமின் ஹைதராபாத்தில் 1888, 1889ஆம் ஆண்டுகளில் குளோரோஃபார்ம் என்னும் மயக்கமருந்தை ஆராயும் கமிஷன்களைக் கூட்டிய எட்வர்ட் லாரி, நோயாளியின் மூச்சைக் கவனித்தாற் போதும், நாடியைப் பார்க்க வேண்டுவதில்லை என்று சாதித்தார். பிராணிகளின் ரத்த அழுத்தத்தைக் கோடுகளாகப் பதிந்து பரீட்சித்த அந்த உழைப்பை வணங்குகிறேன். அதன் முடிவை ஏற்க மனம் வரவில்லை. குளோரோஃபார்ம் நேரே இதயத்தையே தாக்கி நிறுத்தக்கூடும் என்பதை 1911-ல் லண்டனில் குட்மன் லெவி நிரூபித்தார்.

இறங்கும் அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்தோ, வட சீனத்து வறண்ட நிலத்தில், இலையென்று சொல்லத்தக்கது ஏதுமின்றிக் கணுக்கணுவாக வளரும் பச்சைத் தண்டுகளுக்குள் இருந்தது. இருமலுக்கும் இரைப்புக்கும் வைத்தியர்கள் காய்ச்சிக் கொடுத்த அந்தத் தண்டிலிருந்து, 1885-ல் ஜப்பானியராகிய நாகாயி நாகாயோஷி எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். பிறகு பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கெ-குயியும் கார்ல் ஷ்மிட்டும், மாணவர் பரிசோதனையில் எஞ்சிய, மயக்கத்தில் கிடந்த நாயொன்றின் ரத்தத்தில் மா ஹுவாங் கஷாயத்தைச் செலுத்தியபோது, அதன் கழுத்து நாளத்தின் அழுத்தம் உயர்ந்ததைக் கண்டார்கள்; 1924-ல் அது பிரசுரமாயிற்று. மயங்கிய உடலிலேயே அதன் குணம் அங்கே வெளிப்பட்டதை எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மூன்றே ஆண்டுகளில், உடல் மரத்துப்போக முதுகுத்தண்டில் மருந்து செலுத்தும்போது அழுத்தம் இறங்காதிருக்க அமெரிக்க வைத்தியர்கள் எபெட்ரினைப் பிரயோகித்தார்கள்.

இன்று மயக்க வைத்தியர், முதியவரைத் தூங்கவைக்குமுன்பே எபெட்ரின் நிரப்பிய ஊசியில் பெயரொட்டிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, மயக்கமருந்தை அளவு குறைத்து, நிதானமாக ஏற்றுகிறார். அழுத்தம் இறங்கினால், சில மில்லிகிராம் போதும். நரம்பு நுனிகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலினை வெளிப்படுத்தியே பெரும்பாலும் எபெட்ரின் வேலை செய்வதால், திரும்பத் திரும்பக் கொடுத்தால் பலன் தேயும். அப்போது, குழாய்களை நேரே இறுக்கும் ஃபினைலெஃப்ரினை நாடுவார். மெலிந்த கையில் கட்டிய பட்டை அடிக்கடி இறுகித் தளர, அவர் பார்வை திரையிலுள்ள எண்ணைவிட்டு அகலுவதில்லை.