ராத்திரி 11 மணி, பக்கத்து வீட்டில் கூச்சல்... முதல் போன் யாருக்கு?

உப்பிலியபுரம் பக்கம் ஒரு தெருன்னு வெச்சுக்கோங்க. எதிர்வீட்டு அண்ணன் மூணு நாளா தூங்கலை. யாரோ தன்னைக் கொல்ல வர்றதா சொல்றார். தெருவே வாசலில் நிற்கிறது. ஒருத்தர் 'போலீஸைக் கூப்பிடு' என்கிறார், இன்னொருத்தர் 'குணசீலம் கூட்டிட்டுப் போ' என்கிறார். கட்டிப்போடச் சொல்லவும் ஓர் ஆள் இருப்பார்.

கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி காப்பகத் தீ விபத்தில் 28 பேர் இறந்தது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95 அதைத் தடை செய்கிறது. குணசீலம் பெருமாளை தாராளமா கும்பிடுங்க. 48 நாள் தங்கி வேண்டுவது பழைய நம்பிக்கை. ஆனா, மாத்திரையை நிறுத்திட்டுப் போகாதீங்க.

முதலில் கூட்டத்தைக் கலைங்க. அவர் நம்புகிற ஒரே ஒருத்தர் மெதுவா பேசட்டும். 'அப்படியெல்லாம் யாரும் வரலை'ன்னு வாதாட வேண்டாம், 'ஆமாம், வர்றாங்க'ன்னு ஒத்து ஊதவும் வேண்டாம். 'பயமா இருக்கா, நான் இருக்கேன்' போதும். அரிவாள், முக்கியமா பூச்சிமருந்து டப்பா, கண்ணில் படாம எடுத்துடுங்க. விவசாய வீடுகளில் இதைத்தான் மறந்துடுறோம்.

அடுத்து போன். 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 104-ம் இருக்கு. உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம 108.

திருச்சி அரசு மருத்துவமனை சுமார் 60 கி.மீ. அவ்வளவு தூரம் அப்பவே ஓட வேண்டியதில்லை. பிரிவு 94-ன்படி, ஆபத்தான நிலையில் மனநல நிபுணர்தான் வேணும்னு இல்லை. பதிவுபெற்ற எந்த டாக்டரும், 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். ஆஸ்பத்திரியில்தான் தரணும்னுகூட இல்லை. தெருவில் திரிகிறவரை போலீஸ் அழைத்துப் போனாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகணும் (பிரிவு 100).

அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989 முதல் போலீஸுக்குப் பதிலா ஒரு மருத்துவப் பணியாளரும் ஆலோசகரும் வேனில் வருவாங்க. 'கஹூட்ஸ்'னு பேர். 2025-ல் பணமில்லாம அங்கே நின்னுபோச்சு. நம்ம ஊருக்கு அந்த வேன் வரவே இல்லை. ஆனா, தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் வந்தது திருச்சிக்குத்தான், 1997-ல்!

பப்ளிக் ஹெல்த் படிக்கிறீங்களா? ஆராய்ச்சிக்கு இந்த இடைவெளியை எடுங்க: கூச்சல் கேட்டதிலிருந்து டாக்டர் பார்க்கும் வரை எத்தனை மணி நேரம், முதல் போன் யாருக்குப் போச்சு, வண்டி யாருடையது? கிராம செவிலியரையும் ஆட்டோக்காரரையும் கேட்டாலே பாதி பதில் வந்துடும்.

நெருக்கடி முடிஞ்சு வீடு திரும்பும்போது, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கு, அடுத்து எங்கே வாங்கணும்னு அன்னிக்கே கேட்டு, போனில் ரிமைண்டர் போட்டு வெச்சுக்கோங்க.