கறுத்தக்கொழும்பானும் கருமுதுகு ஈயும்

வைகாசி, ஆனி மாதங்களில் யாழ்ப்பாணத்து வளவுகளில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முற்றும்போதே பழ ஈயும் வந்துவிடும். பெண் ஈ தோலைக் குத்தி முட்டையிட்ட இடம் முதலில் வெறும் ஊசிப்புள்ளி. சில நாளில் அது கன்றி அமுங்கும். அறுத்தால் சதை முழுக்கப் புழு. விழுந்த பழத்திலிருந்து அந்தப் புழு துள்ளி மண்ணுக்குள் இறங்கும். மரத்தடியில் செம்பாட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தால் அரிசிமணி அளவில் பழுப்புக் கூடுகள் அகப்படும்.

இந்த ஈயின் முதுகு நிறம் அறிவியலாளர்களை நெடுங்காலம் குழப்பியது. 1912இல் பூச்சியியலாளர் ஹெண்டல், தைவானில் பிடிபட்டதை வைத்து ‘டோர்சாலிஸ்’ எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் பிகாரின் பூசாவில் ஹவ்லெட் இன்னொன்றைப் பதிவுசெய்தார்: சித்ரனெல்லா எண்ணெய் வாசத்துக்கு ஆண் ஈக்கள் மட்டும் மொய்க்கின்றன. அவற்றை இழுக்கும் பொருள் மெதைல் யூஜினோல் என்பது பிறகு தெளிவானது. மாந்தோப்புகளில் தொங்கும் பொறிகளில் இன்றும் அதுதான் இரை. ஆனால் பொறிக்குத் தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். தோப்பில் ஈ குறைந்தாலும் ஒழிவதில்லை.

2003இல் கென்யக் கரையோர மாந்தோப்புகளில் புதியதொரு ஈ தென்பட்டது. முதுகு சிலவற்றில் கறுப்பு, சிலவற்றில் செம்பழுப்பு, சிலவற்றில் இரண்டும் கலந்தது. அதையொத்தவை இலங்கையிலும் இருந்தன. 2005இல் ட்ரூ, சுருதா, வைட் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்தவற்றைச் சேர்த்துத் தனி இனமாக அறிவித்து ‘இன்வேடன்ஸ்’ என்றார்கள். படையெடுப்பது என்று பொருள். அந்தப் பெயர் ஆப்பிரிக்க மாம்பழ ஏற்றுமதியை எவ்வளவோ வருத்தியது.

பத்தாண்டுகளில் அந்தப் பிரிவினை நிற்கவில்லை. கூண்டுகளில் சேர்த்து வைத்தபோது ‘இன்வேடன்ஸ்’ ஈயும் ‘டோர்சாலிஸ்’ ஈயும் தயக்கமின்றிக் கூடின. பிறந்த சந்ததியும் மலடாக இல்லை. மரபணுக்களும் அதையே சொல்லின. 2015இல் இரண்டும் ஒரே இனமென்று முடிவானது. முதுகில் தெரிந்த வேறுபாடு ஓர் இனத்துக்குள்ளேயே இருக்கும் நிறமாற்றம். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் நம்பி எல்லை போட்டதற்கு விவசாயிகள் விலை கொடுத்தார்கள் என்பதே வருத்தம்.

முதுகின் நிறம் குழப்பினாலும், அதே ஈயின் கூட்டு நிறம் இப்போது அதற்கெதிரான ஆயுதமாகிறது. வெள்ளைக் கூட்டுப்புழுவாக உருவாகும் பிறழ்வுத் திரிபு ஆய்வுகூடங்களில் நெடுநாளாக வளர்க்கப்பட்டுவந்தது. அதன் மரபணு 2021இல் பிடிபட்டது: கூட்டுக்குப் பழுப்பேற்றும் வேதிப்பொருளை உடல் திரவத்திலிருந்து தோலுக்குக் கடத்தும் புரதத்தை உருவாக்குவது அது. மாம்பழ ஈயில் அந்த மரபணுவின் 37 எழுத்துகளும், பாகல், புடலையைக் கெடுக்கும் பூசணி ஈயில் 13 எழுத்துகளும் அழிந்திருந்தன. பழுதில்லாத பிரதியை ஆணின் ஒய் குரோமோசோமோடு ஒட்டவைத்தால் ஆண் கூடு பழுப்பு, பெண் கூடு வெள்ளை. இயந்திரம் நிறம் பார்த்தே பிரித்துவிடும். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண்களை மட்டும் பறக்கவிட்டால், பழம் குத்தப் பெண்கள் இல்லை. கூடிய காட்டுப் பெண்ணின் முட்டையும் பொரிக்காது. தாய்லாந்தின் ‘சலாயா 1’ என்ற ஈ வகை இவ்வாறு நிறம் பார்த்துப் பிரிப்பதற்காக உருவானதே.

மலட்டு ஈ முறைக்கு ஏற்றது, வெளியிலிருந்து ஈ எளிதில் வந்து சேராத இடம். நிறம் பார்த்துப் பிரிக்கும் வசதி இல்லாமலேயே ஜப்பானின் ஒகினாவாத் தீவுகள் 1993இல் பூசணி ஈயிலிருந்து விடுபட்டன. யாழ் குடாநாடு முழுத் தீவல்ல. ஆனால் நெடுந்தீவும் நயினாதீவும் கடல் சூழ்ந்தவை. ஒரு முன்னோட்டத்தை அங்கே தொடங்கினால், வண்டி வண்டியாக மருந்தடிப்பதைவிட அது பயன்தரும்.